மூன்று சுழியும் தெரிய வேண்டும்

தமிழ் எழுத்துரு வடிவமைப்பு பற்றிய கருத்தரங்கை ஓசூரில் கூட்டியது சரியான முடிவு. வேறு ஊரில் கூடியிருந்தால் எழுத்தைப் புத்தகத்தில் வைத்துப் பேசியிருப்போம். இந்த ஊரில் எழுத்து சாலையில் ஓடுகிறது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது இங்குள்ள தொழிற்சாலையிலிருந்துதான். அந்த நிறுவனத்தின் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். பாயும் குதிரை, அதோடு வலப்பக்கம் சாய்ந்து, தடித்து, முனைக்கட்டு (செரிஃப்) ஏதுமில்லாமல் மூன்று ஆங்கில எழுத்துகள். படிக்கத் தெரியாதவருக்கும் அது வண்டி ஓடுவதைச் சொல்லிவிடும்.

ஆனால் சாய்வெழுத்து வேகத்துக்காகப் பிறந்ததல்ல. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் சாய்வெழுத்தில் முழு நூலை அச்சிட்டார். எழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அவர்கள் பின்பற்றியது அக்காலக் கற்றவர்களின் கையெழுத்தை. முனைக்கட்டு இல்லாத அச்செழுத்து 1816இல் லண்டன் கேஸ்லன் வார்ப்பகத்தின் மாதிரி ஏட்டில் வந்தது. தடிமன் சுவரொட்டிக்காரர்களின் தேவை. இவை ஒன்றுகூடி விரைவின் அடையாளமானது மோட்டார் வாகனங்களின் நூற்றாண்டில்தான். 1951இல் ரோஜே எக்ஸ்கோஃபோன் வரைந்த பாங்கோ போன்ற தலைப்பெழுத்துகள் கடைப்பலகைகளுக்கென்றே பிறந்தவை.

தமிழின் கதை வேறு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியதிலிருந்து ஈய எழுத்துக் காலம் நெடுகிலும் நமக்குச் சாய்வெழுத்து மரபு வேரூன்றவில்லை. அழுத்திச் சொல்ல வேண்டியதைத் தடித்த எழுத்தில் கோத்தோம். சாய்வைப் பரவலாக்கியது கணினி. ஒரு பொத்தானை அழுத்தினால் நிமிர்ந்த எழுத்தை அப்படியே வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. இன்று நான் பேச வந்தது அந்தப் பொத்தானைப் பற்றித்தான்.

வட்டமான சுழியைத் தள்ளிச் சாய்த்தால் அதன் கோடு வலப்பக்க மேல்மூலையிலும் இடப்பக்கக் கீழ்மூலையிலும் பருக்கும். மற்ற இரு மூலைகளில் மெலியும். நேர்கோடுகளால் ஆன ப, ட போன்றவை இதைத் தாங்கிக்கொள்ளும். ஞ, ஜ, ண ஆகியவை தாங்காது. ஏற்கெனவே தடித்த எழுத்தில் சுழிக்குள் வெள்ளை குறைவு. அதையும் நசுக்கினால் மூன்று சுழி ணகரம் தூரத்தில் இரண்டு சுழி னகரமாகத் தெரியும். ‘சாலைப் பணி’ என்ற எச்சரிக்கை ‘சாலைப் பனி’ ஆகிவிடும். கிருஷ்ணகிரியை நோக்கி விரையும் லாரி ஓட்டுநருக்கு அந்தப் பலகையைப் படிக்கக் கிடைப்பது சில நொடிகள்.

ரகரத்தின் நிலை இன்னும் மோசம். துணைக்காலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கும் சிறு கோடு மட்டுமே. எழுத்தை வலப்பக்கம் தள்ளும்போது, அடிக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி எதிர்ப்பக்கம் நகரும். ரகரத்தின் அந்தக் கோடு முந்தைய எழுத்தின் காலடியில் ஒட்டிக்கொள்ளும். ‘தரம்’ ‘தாம்’ ஆகிவிடுகிறது. புள்ளியோ முட்டை வடிவம் கொள்கிறது.

இவற்றை நம் ஊர்ப் போர்டு ஆர்ட்டிஸ்டுகள் கணினிக்கு முன்பே தீர்த்துவைத்திருந்தார்கள். பாகலூர் சாலையில் ஒரு பணிமனைக் கதவில் ஒருவர் எழுதுவதை அரை நாள் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் சாக்பீஸால் சாய்கோடுகளை வரிசையாகப் போட்டார். பிறகு சுழிகளின் உள்வெளியைக் குறித்துக்கொண்டு அதைச் சுற்றித் தூரிகையை ஓட்டினார். எழுத்து சாய்ந்தது, சுழி அடைபடவில்லை. புள்ளியைக் கடைசியில், முழு வட்டமாக, சற்று வலப்பக்கம் தள்ளி வைத்தார். அவர் கையில் இருந்தது நாம் இன்று கட்டுரைகளில் தேடும் அறிவு. பிளெக்ஸ் வந்தபின் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்தது. அவர்கள் எழுதியவற்றை நாம் தொகுத்து வைக்கவுமில்லை.

எல்லையூர் என்பதால் சிக்கல் இங்கே கூடுகிறது. ஜூஜூவாடிக்கு இப்பால் பெயர்ப்பலகையில் தமிழுக்கு முதலிடம். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டும் என்கிறது கர்நாடகத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே கடைக்காரர் இரு பக்கமும் கடை வைத்தால் ஆங்கிலப் பெயர் சீராகச் சாய்ந்து நிற்கும். தமிழும் கன்னடமும் பொத்தானால் தள்ளப்பட்டு நிற்கும். கன்னடத்தில் ஒற்றெழுத்துகள் அடியில் தொங்குவதால் அவர்களுக்கும் இதே துன்பம். பெங்களூரு வடிவமைப்பாளர்களும் நாமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

இன்று கிடைக்கும் எழுத்துருக்களில் பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான் ஒன்பது தடிமன்களில் தமிழைத் தருகிறது. எக் டைப் குழுவின் பலூ தம்பி பருத்த தலைப்பெழுத்துக்கு நல்ல சான்று. இரண்டிலும் சாய்வு வடிவம் இல்லை. இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் சாய்ந்து செல்லும் கையெழுத்து. ஆனால் அது ஆலைப் பலகைக்கானதல்ல. ஆக, தடித்த, சாய்ந்த, முனைக்கட்டில்லாத தமிழ்த் தலைப்பெழுத்தில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘கிருஷ்ணகிரி’ என்று ஒரு சொல்லை வரைந்து வாருங்கள். ஷ், ண, இரண்டு ககரம், ரு, ரி எல்லாம் அதில் உண்டு. சுவரில் மாட்டி நூறடி தள்ளி நின்று படிப்போம். நாளைய அமர்வுக்கு இந்த ஊர்ப் போர்டு ஆர்ட்டிஸ்டுகளையும் அழைத்து, முன்வரிசையில் அமர்த்துங்கள்.