நிழலும் நிறமும்

முகூர்த்தம் குறிக்கும் சோதிடர் படம் பிடிப்பவரைக் கலந்து குறிப்பதில்லை. நாளும் கோளும் பார்த்து அவர் குறித்த வேளையிலேயே தாலி ஏறுகிறது. யாழ்ப்பாணத்துக் கலியாண வீடொன்றில் முற்பகலிலே தாலிகட்டு நிறைவெய்தி, அறுகரிசியிட்டு வாழ்த்துவோர் வரிசையும் ஓய்ந்து, மணமக்கள் மணவறையை விட்டு முற்றத்துக்கு இறங்கும்போது பெரும்பாலும் உச்சிப்பொழுதாகிவிடுகிறது. “வெளியிலே சில படங்கள் எடுப்போம்” என்கிறார் படப்பிடிப்பாளர். வெண்மணல் பரந்த முற்றம்; ஒருபுறம் வேப்பமரம்; மறுபுறம் கிடுகுவேலி; தலைக்கு மேலே எரிக்கும் வெயில். மாப்பிள்ளை வெண்பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நிற்கிறார். பெண் கூறைச் சேலையும் தாலிக்கொடியுமாக அருகில் நிற்கிறாள். பார்ப்போர் கண்ணுக்கு எல்லாம் நிறைவாகவே இருக்கின்றன.

சில நாட்களின் பின்னர் படம் வீட்டுக்கு வருகிறது. மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பும் கரையும் இன்றி வெறும் வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது. பெண்ணின் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிய குழிகள். மூக்கின் கீழே மீசை வரைந்தாற்போல ஒரு நிழல். நெற்றியும் மூக்கு நுனியும் மட்டும் எண்ணெய் பூசியவைபோற் பளபளக்கின்றன. “இது என் பிள்ளைதானா?” என்று தாய் கேட்கிறாள்.

அந்தக் கேள்வி நியாயமானது. முற்றத்தில் நின்ற தாயின் கண் கண்டது வேறு. கமரா கண்டது வேறு. மனிதக் கண் ஒரே பார்வையில் யாவற்றையும் அளந்துவிடுவதில்லை. வெளிச்சத்தைப் பார்க்கும்போது சுருங்கி, நிழலைப் பார்க்கும்போது விரிந்து, இடத்துக்கு இடம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. அவ்வாறு பெற்ற பல காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைத்து ஒரு முகமாக அறிகிறது. கமராவோ ஒரு கணத்தில் ஒரே அளவான ஒளியையே உள்ளே விடுகிறது. அவ்வளவு வேட்டிக்குப் பொருந்தினால் முகம் இருண்டுபோகும். முகத்துக்குப் பொருந்தினால் வேட்டி வெளிறிப்போகும். நேர்வெயிலுக்கும் திறந்த வெளியின் நிழலுக்கும் இடையே ஒளியளவில் ஏறக்குறைய எட்டு மடங்கு வேறுபாடு உண்டு. வெயிலில் மின்னும் வெண்பட்டுக்கும் நிழலில் ஆழ்ந்த கருங்கூந்தலுக்கும் இடையிலான வேறுபாடு அதனிலும் பல மடங்கு பெரிது.

நம் நாட்டின் இருப்பிடமும் இந்தத் தொல்லையைப் பெருக்குகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு இருமுறை, அதாவது ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும், நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. அந்நாட்களை அடுத்த வாரங்களிலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. மேலிருந்து செங்குத்தாக விழும் ஒளியில் புருவம் கண்ணை மறைக்கிறது. மூக்கு உதட்டை மறைக்கிறது. நாடி கழுத்தை மறைக்கிறது. எத்துணை அழகிய முகமும் அந்த ஒளியிற் களைத்த முகமாகவே தோன்றும்.

இதற்குப் பரிகாரம் யாது? நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது பழமொழி. வெளிப்புறப் படப்பிடிப்பின் முதற்பாடமும் அதுவே. மணமக்களைப் பத்து அடி நகர்த்தி விறாந்தையின் விளிம்பிலோ மதிலின் நிழலிலோ நிறுத்தி, திறந்த வானை நோக்கி முகம் திருப்பச் செய்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். முற்றத்து வெண்மணலில் பட்டுத் தெறிக்கும் ஒளி கீழிருந்து கண்குழிகளை மெல்ல நிரப்பும். மணல் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தாலும் அதே பயன் கிடைக்கும்.

ஆனால் எல்லா நிழலும் நல்ல நிழல் அல்ல. கிடுகுப் பந்தலின் கீழும் இலை செறியாத மரத்தின் கீழும் வட்டவட்டமாக வெயிற்பொட்டுகள் விழும். ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளைக் கமராவைப் போலத் தொழிற்பட்டுச் சூரியனின் உருவத்தையே நிலத்தில் வீழ்த்துகிறது. சூரிய கிரகணத்தன்று அப்பொட்டுகள் பிறைவடிவாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மணலில் அவை அழகிய கோலம். மணமகளின் கன்னத்தில் விழுந்தாலோ பின்னர் எவராலும் எளிதிற் துடைக்க இயலாத கறை.

நேர்வெயிலைத் தவிர்க்கவே இயலாவிடின் சூரியனை மணமக்களின் முதுகுப்புறமாக வைத்து, முன்னிருந்து பிளாஷ் ஒளியை மெலிதாகச் செலுத்துவதுண்டு. பட்டப்பகலிற் பிளாஷ் எதற்கு என்று உறவினர் சிரிக்கலாம். இருட்டை விரட்டுவதற்காக அன்று, வெயில் இட்ட நிழலைத் தணிப்பதற்காகவே அது பயன்படுகிறது. அவ்வொளி வெயிலைவிடச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். மிகுந்துவிட்டால் முகம் வெட்டி ஒட்டிய படம்போலத் தோன்றும். எந்த முறையைக் கையாண்டாலும் ஒரு விதியை மறத்தலாகாது. வெண்மை முற்றாக வெளிறிப்போகாதவாறு ஒளியளவைச் சற்றுக் குறைத்தே எடுக்கவேண்டும். இருண்ட பகுதியில் விவரம் ஒளிந்துகொண்டிருக்கும்; அதை ஓரளவு மீட்கலாம். வெளிறிய பகுதியில் விவரம் பதியவே இல்லை. பதியாததை மீட்க எந்தக் கருவியாலும் இயலாது.

படத்தை எடுத்தபின் திருத்தும் கலை இன்று தோன்றியதன்று. 1850களில் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் குஸ்தாவ் லு கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது இதே இடர் அவரை எதிர்கொண்டது. கடலுக்குப் பொருந்திய ஒளியளவில் வானம் வெறுமையாகப் போயிற்று. அவர் வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு நெகற்றிவ்களை எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரு படமாக அச்சிட்டார். இன்றைய கைத்தொலைபேசி ஒரே காட்சியைப் பல ஒளியளவுகளில் நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக்குகிறதே, அதன் மூலக்கருத்தும் இதுவே.

பிலிம் காலத்து இருட்டறையில் இன்னொரு கைவண்ணம் இருந்தது. நெகற்றிவின் ஊடாக ஒளி தாளின்மேல் விழும்போது, சிறு கம்பியின் முனையில் ஒட்டிய அட்டைத் துண்டினால் முகத்துக்குரிய பகுதியைச் சில செக்கன்கள் மறைப்பர். ஒளி குறைந்த இடம் அச்சில் வெளிச்சமாக வரும். வேட்டி வெளிறியிருந்தால் கைவிரல்களைக் குவித்து இடையில் ஒரு துளை விட்டு, அவ்விடத்துக்கு மட்டும் மேலதிக ஒளி கொடுப்பர். கையும் அட்டையும் ஓயாது அசைந்துகொண்டிருத்தல் வேண்டும். நின்றுவிட்டால் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷொப் என்னும் கணினிச் செயலியில் இவ்விரண்டு வேலைகளுக்கும் உரிய கருவிகளின் சின்னங்கள் கம்பிமுனை அட்டையும் குவிந்த கையும் போன்றே வரையப்பட்டன. கருவி மாறினாலும் கைத்தொழிலின் நினைவு மாறவில்லை.

இன்று அந்த வேலை கணினித் திரையில் நடைபெறுகிறது. அதற்கு முதல் வேண்டுவது நல்ல மூலப்பதிவு. ‘றோ’ என வழங்கும் மூலப்பதிவு 14 பிட் அளவினதாயின் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 16,384 படிகளைக் கொண்டிருக்கும். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. படிகள் மிகுந்த ஏணியில் மெதுவாக ஏறி இறங்கலாம்; படிகள் குறைந்த ஏணியிற் தாவவேண்டியிருக்கும். அந்தத் தாவலே திருத்திய முகத்திற் திட்டுத்திட்டாகத் தெரிகிறது.

திருத்துவோர் முதலில் வெண்மையைத் தணிப்பர். வேட்டியின் மடிப்பும் கூறையின் சரிகையும் மெல்லத் தலைகாட்டும் வரை தணித்து அங்கே நிறுத்துவர். அதற்கு மேலும் தணித்தால் வெண்பட்டு சாம்பல் நிறமாகிவிடும். அடுத்து நிழலை உயர்த்துவர். கண்மணி தெரியவேண்டும், இமையின் வரி தெரியவேண்டும், அவ்வளவு போதும். நிழலை முற்றாக நீக்கினால் மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாகிவிடும். முகத்துக்கு உருவம் கொடுப்பதும் நிழல் அன்றோ? அளவு கடந்து உயர்த்தினால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூந்தலில் தோன்றும். தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் எழுந்து மாப்பிள்ளையைச் சுவாமிப் படமாக்கிவிடும். கூந்தலும் கண்மையும் கருமையாகவே நிற்கின்றனவா என்று இறுதியிற் பார்ப்பது நன்று. கருமை நிலைத்தால்தான் வெளிச்சத்துக்கு உயிர் இருக்கும்.

நிழலுக்கு நிறமும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. திறந்த வானத்தின் கீழ் உள்ள நிழலில் நீலம் கலந்திருக்கும். வேம்பின் கீழ் உள்ள நிழலிற் பச்சை கலந்திருக்கும். நிழலை உயர்த்தும்போது அந்த நிறமும் கூடவே உயர்ந்து முகத்துக்கு நோயாளியின் சாயலைத் தந்துவிடும். ஆகவே, உயர்த்திய இடத்துக்கு மட்டும் சிறிது மஞ்சளும் செம்மையும் சேர்த்துச் சமன்செய்தல் வேண்டும்.

இதுவரை கூறியவை கைத்திறன். இனிக் கூறவேண்டியது மனச்சான்று.

நிழலை உயர்த்தும் அதே கருவி நிறத்தையும் உயர்த்தவல்லது. கண்குழியிற் தொடங்கிய கை நெற்றிக்கும் கன்னத்துக்கும் கழுத்துக்கும் போகிறது. மாநிறப் பெண் வெளுக்கிறாள்; கரிய பெண் சுண்ணாம்பு பூசிய சிலையாகிறாள். இதுவும் புதிய வழக்கமன்று. நெகற்றிவின் மேல் மெல்லிய பென்சிலாற் கோடிட்டு முகத்தை மெருகிட்ட காலமும் இருந்தது. வண்ணப் பிலிமை அச்சிடும் கூடங்களுக்குக் கொடாக் நிறுவனம் நிற அளவுகோலாக அனுப்பிய ‘ஷேர்லி அட்டை’களில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் உடைய பெண்ணே இடம்பெற்றாள். அவளுடைய தோல் சரியாக வந்தால் யாவரின் தோலும் சரியாக வந்ததாகக் கொள்ளப்பட்டது. அந்த அளவுகோல் வெளியே இருந்து வந்தது. கரிய நிறத்தைக் குறையென எண்ணும் அளவுகோலோ நம் வீடுகளுக்குள்ளேயே பெண்பார்க்கும் பேச்சிலும் மணமகள் தேவை விளம்பரத்திலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஸ்ரூடியோவை மட்டும் குறைகூறிப் பயனில்லை. “கொஞ்சம் வெள்ளையாக்கித் தாருங்கள்” என்று கேட்போர் பலரும் வீட்டாரே.

வெயில் இட்ட நிழல் வேறு. பிறப்பால் வந்த நிறம் வேறு. முன்னது ஒரு கணத்தின் விபத்து. பின்னது அந்த மனிதரின் அடையாளம். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. கழுத்தும் கையும் பொய் சொல்வதில்லை. ஒளி சீராகப் பட்ட கையின் நிறத்தைப் பார்த்து, நிழலில் உள்ள முகத்தை அந்நிறத்துக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு உயர்த்தினால் அது திருத்தம். அதையும் தாண்டிப் போனால் அது வேறொருத்தியின் முகம்.

கரிய நிறம் ஒளியை ஏற்கும் விதமே தனி அழகுடையது. 1900 ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட், நம் நாட்டு மக்களைக் கருப்பு வெள்ளைப் படங்களிற் பதித்தார். அப்படங்களில் உள்ள உடல்கள் வெளுக்கப்பட்டவை அல்ல. கருமை கருமையாகவே நிற்க, அதன்மேல் ஒளி வழுக்கிச் செல்லும் அழகே அவற்றிற்கு உயிர் தருகிறது.

கலியாணப் படம் எவருக்காக எடுக்கப்படுகிறது? அடுத்த வாரம் பார்க்கப்போகும் உறவினருக்காக மட்டுமன்று. 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது கைக்கு எட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டோடு ஆல்பமும் போயிற்று. தப்பிய ஒற்றைப் படத்திலேயே தன் பேத்தியாரின் முகத்தைத் தேடும் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் உள்ளனர். அந்தப் படத்திற் பேத்தியார் கருப்பாக இருந்தால், கண்ணாடியில் தான் காணும் நிறம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளை அறிந்துகொள்ளும். அவரை வெளுத்து வைத்தால் அந்த உறவின் ஓர் இழை அறுந்துபோகும்.

ஆகவே, திருத்திய படம் வீட்டுக்கு வரும் நாளில் தாய் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் கணமே உண்மையான தேர்வு. கண்குழி இருண்டிருந்தாலும் “இது என் பிள்ளைதானா?” என்று அவள் கேட்பாள், முகம் வெளுத்திருந்தாலும் அதையே கேட்பாள். நிழல் தணிந்து, சரிகை தெளிந்து, நிறம் நிறமாகவே நின்றால் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். படத்தைச் சேலைத் தலைப்பினால் ஒருமுறை துடைத்துவிட்டு, சுவரில் எங்கே மாட்டலாம் என்று இடம் பார்ப்பாள்.