மணல் இளகும் நேரம்
(சங்கத்தின் தில்லிக் கிளைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், பொறியாளன் அல்ல. ஆனால் நம்மில் பலர் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டு, ஆற்றோரம் எழும்பும் அடுக்குமாடிகளில் ஃபிளாட் வாங்குகிறோம். பளிங்குத் தரையைப் பார்க்கிறோம். அதற்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

படியில் அரிசியைக் கொட்டி இரண்டு தட்டு தட்டினால் அரிசி இறங்கும் அல்லவா? பூகம்பத்தில் தளர்ந்த மணலும் அப்படித்தான் இறங்கப் பார்க்கும். இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பியிருந்தால், அது வெளியேற நேரம் கிடைப்பதில்லை. நீரின் அழுத்தம் ஏறுகிறது. மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடிப்பை இழக்கின்றன. சில வினாடிகளில் மணல் கூழாகிவிடுகிறது. இதைத்தான் மண் இளகல், அதாவது 'லிக்விஃபாக்ஷன்' என்கிறார்கள்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் ஏற்பட்ட பூகம்பத்தில் சீதாமடி, மதுபனி பகுதிகளில் வீடுகள் சாய்ந்து மண்ணில் இறங்கின. வயல்களை மணல் மூடியது. 1964-ல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் கட்டிடங்கள் உடையாமலே சாய்ந்தன. ஒன்று ஏறக்குறைய படுத்தே விட்டது. கட்டிடத்தில் குறையில்லை, கால் வைத்த மண்ணில்தான் குறை. 2001 குஜராத் பூகம்பத்திலும் கட்ச் ரண் பகுதியில் நீரும் மணலும் பீறிட்டு வந்தன.

இதை முன்கூட்டி அறிய முடியுமா? முடியும். துளையிட்டு, 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுகிறார்கள். இந்த எண்ணைக் கொண்டு மண்ணின் தாங்கு திறனைக் கணிக்கும் எளிய முறையை 1971-ல் சீட், இட்ரிஸ் என்ற இருவர் வகுத்தார்கள்.

ஒரு கணக்கு பாருங்கள். 2016-ம் வருடத்து இந்தியத் தர விதியில் தில்லி நான்காவது மண்டலம். அதற்கான எண் 0.24. நிலத்தடி நீர் தரைமட்டத்திலேயே இருந்தால், 5 மீட்டர் ஆழத்தில் மணலின் மீது வரும் அதிர்வுச் சுமை விகிதம் சுமார் 0.30. திருத்திய அடி எண்ணிக்கை 10 உள்ள சுத்தமான மணல், 7.5 அளவுள்ள பூகம்பத்தில் தாங்குவதோ சுமார் 0.11 தான். தேவையில் பாதிகூட இல்லை. எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் கவலையில்லை.

ஆனால் இந்தக் கணக்கு 'இளகுமா, இளகாதா' என்று மட்டுமே சொல்லும். கட்டிடம் எத்தனை அங்குலம் இறங்கும், கரை எவ்வளவு சரியும் என்று சொல்லாது. அங்கேதான் கணினி மாதிரி உதவுகிறது. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, மண்ணின் அசைவையும் நீரின் அழுத்தத்தையும் சேர்த்தே, வினாடியின் சிறு பகுதிகளாக அது கணக்கிடுகிறது.

கணினி சொன்னால் வேதவாக்கு என்று நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'வெலாக்ஸ்' என்ற திட்டத்தில், பல குழுக்கள் சோதனைக்கு முன்பே தங்கள் கணிப்புகளைக் கொடுத்தன. விடைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. மண்ணின் குணத்தை ஆய்வுக்கூடத்தில் சரிவர அளந்து கொடுத்தால்தான் மாதிரி உருப்படியாகப் பேசும்.

ஆகவே, ஆற்றுப்படுகையில் வீடு வாங்கும் அன்பர்கள் முன்பணம் கொடுக்குமுன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். மண் பரிசோதனை அறிக்கை எங்கே? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? இளகலுக்கான பாதுகாப்புக் காரணி ஒவ்வொரு ஆழத்திலும் ஒன்றுக்கு மேல் உள்ளதா? இல்லையென்றால் மணலை இறுக்கினார்களா, கல்தூண் போட்டார்களா, பைல் அடித்தளம் இளகும் அடுக்கைத் தாண்டிக் கெட்டி மண் வரை போகிறதா? அறிக்கை புரியாவிட்டால், நம் அங்கத்தினர்களிலேயே சிவில் இன்ஜினீயர்கள் பலர் உண்டு, அவர்களிடம் காட்டுங்கள். தயங்காமல் கேளுங்கள், பணம் நம்முடையது.