எழுபதிலும் பதினெட்டுக் குழி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கோல்ஃப் பற்றிப் பேசுப்பா" என்றார் செயலாளர். "அது பணக்காரங்க சமாசாரமாச்சே, பசங்க கேட்பாங்களா?" என்றேன். "ஆட்டத்தைப் பத்தி வேண்டாம். 72 வயசுல எப்படி ஆடுறேன்னு சொல்லு" என்றார். ஆகவே கோல்ஃப் ஒரு சாக்குத்தான். உங்களுக்கு அது ஷட்டில்காக்காக இருக்கலாம், வயல் வரப்பில் நடப்பதாகவும் இருக்கலாம்.

"நிற்கிற பந்தைத்தானே அடிக்கிறீங்க, இதுக்கு என்ன உடற்பயிற்சி?" என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். 18 குழி முடிக்க நாலு மணி நேரம். நடந்தே ஆடினால் 8 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முறுக்கி அவிழ வேண்டும். அந்த முறுக்கல் இடுப்பு மூட்டிலும் மேல் முதுகிலும் நடக்க வேண்டியது. கீழ் முதுகு குனிந்து நிமிர நன்றாக அமைந்தது. திரும்புவதற்கு அதில் அதிக இடமில்லை. வயதும் நாற்காலியும் சேர்ந்து இடுப்பையும் மேல் முதுகையும் இறுக்கிவிட்டால், அண்ணன் வேலை தம்பி தலையில் விழுகிற மாதிரி, பாரமெல்லாம் கீழ் முதுகில் விழும். எங்கள் ஆட்டத்தில் முதுகுவலிக்காரர்கள் அதிகம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

வயதானால் முடியாது என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். டாம் வாட்சன் 2008 அக்டோபரில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர். 2009 பிரிட்டிஷ் ஓபனில், 59 வயதில், கடைசிக் குழி வரை முன்னணியில் இருந்து, பிளே-ஆஃபில்தான் தோற்றார். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் 2023இல், 65 வயதில், அமெரிக்க சீனியர் ஓபனை வென்றார். 2024 பிப்ரவரியில் குதிகால் தசைநார் அறுந்துபோனது. சுமார் மூன்று மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பி, அதே ஆண்டு நவம்பரில், 67 வயதில், மறுபடி ஒரு பட்டம் வென்றார்.

அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நாம் என்ன செய்யலாம்?

முதலாவது நடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. முடிந்தவரை வண்டியில் ஏறாமல் நடந்தே ஆடுங்கள்.

இரண்டாவது தசை. நடை மட்டும் போதாது. முப்பதைத் தாண்டினாலே தசை கரையத் தொடங்குகிறது. வாரம் இரண்டு நாளாவது அதற்கு வேலை கொடுக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். செலவு ஒரு காசு கிடையாது.

மூன்றாவது சமநிலை. நான் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிறேன், சுவர் பக்கத்திலேயே இருக்கும். பேத்தி "தாத்தா கொக்கு" என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆட்டம் மட்டுமா போகும்? நடமாட்டமே போய்விடும்.

நான்காவது, எடுத்த எடுப்பில் ஓங்கி அடிக்காதீர்கள். பத்து நிமிடம் தோளையும் இடுப்பையும் இளக்கி, அரை வீச்சில் தொடங்குங்கள். நம்ம ஊர் வெயிலில் காலை ஆறு மணிக்கே ஆரம்பிப்பது நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும்; சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் குளுக்கோஸும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் நால்வர் அணியில் ஒருவர், இந்தக் கல்லூரிக்காரர்தான், ஒன்பதாவது குழியில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸ் ட்ரபிள்ப்பா, ஒரு சோடா குடிச்சாச் சரியாயிடும்" என்றார். எங்கள் கேடி விடவில்லை. கேடி என்றால் போலீஸ் தேடுகிற கேடி இல்லை, எங்கள் பையைத் தூக்கி வரும் தம்பி! "சார் மூஞ்சி சரியில்லை, வேர்த்துக் கொட்டுது" என்று சொல்லி ஓடிப்போய் வண்டி கொண்டுவந்தான். மாரடைப்பு. அரை மணிக்குள் ஆஸ்பத்திரி சேர்ந்ததால் நண்பர் பிழைத்தார். இன்று டாக்டர் அனுமதியோடு ஒன்பது குழி ஆடுகிறார். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். நெஞ்சில் பாரம், மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை வந்தால் சோடாவைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரியைத் தேடுங்கள்.

ஸ்வீடனில் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2008இல் ஒரு முடிவு சொன்னார்கள்: அதே வயது, அதே வசதி உள்ள மற்றவர்களைவிட அவர்களிடையே இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு. ஆரோக்கியமானவர்களே ஆட வருவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வாரா வாரம் வெளியே வந்து, நடந்து, நாலு பேரோடு சிரித்துப் பேசுவது கெடுதல் செய்யாது என்பது என் அனுபவம்.

தம்பி தங்கைகளே, இன்று நீங்கள் சேர்க்கும் தசைதான் நாளை எங்கள் வயதில் எடுத்துச் செலவு செய்யப்போகும் வைப்புத்தொகை. ஹாஸ்டல் கட்டிலை விட்டு மைதானத்துக்கு வாருங்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு நான் கல்லூரி மைதானத்தில் இருப்பேன். நாலு சுற்று நடை. வேட்டியோடும் வரலாம்.