அரிக்கமேடும் இருளர் மக்களும்

(யூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"அழிந்துவரும் பழங்குடிப் பண்பாடுகளிடம் இன்றைய சமுதாயம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?" என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. இதற்கு விடை தேடி நாம் அமேசான் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே தொடங்குவோம்.

நம் ஊர் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்தார். உரோமாபுரி நாட்டிலிருந்து கப்பலில் வந்த மதுச் சாடிகளின் துண்டுகளும், இத்தாலிய மட்கலங்களும், இங்கேயே செய்யப்பட்ட மணிகளும் வெளிவந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்தவர்கள் மறைந்துவிட்டார்கள். ஆயினும் அவர்கள் புழங்கிய பொருள்கள் மண்ணில் தங்கின. தோண்டியபோது அவர்கள் வாழ்வை ஓரளவேனும் நாம் அறிந்துகொண்டோம்.

ஆனால் நம் பக்கத்திலேயே வாழும் ஒரு மக்களின் செல்வம் பானையிலும் இல்லை, செங்கல்லிலும் இல்லை. அது அவர்கள் கண்ணிலும் கையிலும் நினைவிலும் இருக்கிறது. அவர்கள்தாம் இருளர். அந்த அறிவு ஒரு தலைமுறையில் அறுந்துபோனால், எத்தனை வீலர்கள் வந்து தோண்டினாலும் அது கிடைக்காது.

செங்கற்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் நம் புதுவையிலும் இருளர் குடும்பங்கள் சிதறி வாழ்கின்றன. ஏரிக்கரையும் புறம்போக்கும்தான் பலருக்குக் குடியிருப்பு. வயலில் எலி வளையை அடையாளம் கண்டு, புகை மூட்டி எலியைப் பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லையும் வீணாக்காமல் எடுத்துக்கொள்வார்கள். ஒரு துளி நஞ்சும் நிலத்தில் விழாமல் பயிர் காப்பாற்றப்படும்.

பாம்பு பிடிப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. மணலில் பதிந்த தடம், உதிர்ந்த சட்டை, வளை வாயின் வழவழப்பு இவற்றைக் கண்டே இன்ன பாம்பு, உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையடுத்து வந்த தடைகளும் அந்தத் தொழிலை நிறுத்தின. கஞ்சிக்கு வழியில்லாமல் நின்றார்கள். அப்போது ராமுலஸ் விட்டேக்கர் என்பவரின் துணையோடு 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

அங்கே நடப்பது என்ன? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து மண்பானையில் வைத்து வாயைத் துணியால் கட்டுகிறார்கள். சுமார் மூன்று வாரங்களில் நான்கு முறை நஞ்சை எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வைத்து, பாம்பை மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியிலிருந்துதான் விஷமுறிவு மருந்து செய்யப்படுகிறது.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஏறக்குறைய 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். இன்று பாம்பு கடித்தவரை நாம் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்று பிழைக்க வைக்கிறோம் என்றால், அந்த மருந்துப் புட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் இருளரின் கை இருக்கிறது. இதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க, மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்களை அழைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் ஆயிரம் பேருக்கு மேல் போட்டியிட்டு ஒரு மாதத்தில் பிடித்தவை 106. இவர்களோ ஒரு வாரத்தைச் சற்றே தாண்டுமுன் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அன்பர்களே! இவர்களிடம் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பார்த்து அறிதல். நாம் பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடுகிறோம். அவர்கள் அதன் போக்கைக் கவனிக்கிறார்கள். அச்சத்தைப் போக்குவது அறிவே.

இரண்டாவது, எடுத்தபின் திருப்பி விடுதல். நஞ்சை எடுத்துக்கொண்டு பாம்பை உயிரோடு விடுகிறார்கள். நாமோ ஆற்றில் மணலை எடுத்தோம், நிலத்தடியில் நீரை எடுத்தோம். திருப்பிக் கொடுத்தது என்ன?

மூன்றாவது, பழைய திறமையைப் புதிய நன்மைக்குத் திருப்புதல். தோலுக்காகக் கொன்ற கை இன்று உயிர் காக்கிறது. பழமையை அழித்துத்தான் முன்னேற வேண்டும் என்பது பொய் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

இனி, கசப்பான உண்மை ஒன்று. நம் வீட்டில் பாம்பு புகுந்தால் இருளரைத் தேடி ஆளனுப்புகிறோம். வேலை முடிந்ததும் கொல்லைப்புறத்திலேயே காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர் பெயரையாவது நாம் கேட்டதுண்டா? கொத்தடிமை முறை 1976-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணக் கடனுக்காகக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் எத்தனையோ மீட்கப்பட்டன. புதுவை 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இங்குள்ள இருளர் அட்டவணைப் பழங்குடியினர் என்று ஏற்கப்பட்டதோ 2016-இல்தான். ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் படிப்பையும் சலுகையையும் இழந்திருப்பார்கள்!

ஆகவே பாராட்டு மட்டும் போதாது. நாம் கொண்டாடும் யூபிலியின் பொருள் என்ன? அடிமைப்பட்டவன் விடுதலை பெற வேண்டும், நிலமிழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. விளக்குத் தோரணமும் விருந்தும் முடிந்தபின், அந்த யூபிலி இருளர் குடிசைக்கும் எட்ட வேண்டாமா?

நம்மால் இயன்றதைச் செய்வோம். சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் அலையும் குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுப்போம். உடன் சென்று அலுவலகத்தில் நிற்போம். அவர்கள் பிள்ளையை நம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்போம். நம் இளைஞர் கூட்டத்துக்கு ஓர் இருளர் பெரியவரை அழைத்து, நாற்காலி கொடுத்து, அவர் சொல்ல நாம் கேட்போம்.

அரிக்கமேட்டு மக்களோடு பேசும் வாய்ப்பு நமக்கு இல்லை. இருளரோடு பேசும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. காலம் கடக்குமுன் பேசுவோம்.