சுவரில் வளர்ந்த கோலம்

(மகளிர் குழுக்களின் வட்டாரக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் குழு கூடும் கட்டடத்தின் பக்கச் சுவரில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய படம் வரைந்தோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

சுவர் 20 அடி நீளம், 8 அடி உயரம். வெள்ளை அடித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது. நோட்டில் படம் போட்டு, கட்டம் கட்டிச் சுவருக்கு மாற்றலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். இரண்டு நாள் பென்சிலும் ஸ்கேலுமாக நின்றோம். தப்பாப் போயிருமோ என்று யாரும் பிரஷைத் தொடவில்லை.

எங்களில் மூத்தவரான அப்பத்தா சொன்னார்: "மார்கழியில தெரு அடைச்சுக் கோலம் போடுறவளுகதான நீங்க? நோட்டைப் பாத்தா போடுறீக?"

உண்மைதானே! 15 புள்ளி 15 வரிசை என்று கணக்கு இருக்கிறது. ஆனால் வாசல் பெரிசா இருந்தா புள்ளி முடிந்த பிறகும் கை நிற்பதில்லை. ஓரத்தில் ஒரு கொடி, கொடிக்கு ஒரு பூ, பூவுக்குப் பக்கத்தில் ஒரு கிளி. அடுத்தது என்ன என்று போட்ட கோடே சொல்லும்.

பீகாரில் மதுபனி பக்கத்துப் பெண்களும் இப்படித்தான். கல்யாண வீட்டுச் சுவரில் தலைமுறை தலைமுறையாகக் கையால் நேராக வரைந்தார்கள். 1966-67 பஞ்சத்தின்போது அரசு கைவினை வாரியம் அவர்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. சுவர்ப் படம் பிழைப்புக்கு வழியானது. அவர்களில் கங்கா தேவி 1984-இல் பத்மஸ்ரீ பெற்றார். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறைச் சுவர்களை வரைந்து நிறைத்தார். 1991-இல் காலமானார்.

எங்கள் சுவருக்கு வருவோம். அப்பத்தா காவியைத் தொட்டு நடுவில் ஒரு வளைவு இழுத்தார். கண்மாய்க் கரை! கரை வந்ததும் மடை வந்தது. மடைக்குக் கீழே வயல், வயலில் நடவு நடும் பெண்கள். ஒரு மதினி கைதவறி வெள்ளைச் சாயத்தைச் சிந்திவிட்டார். துடைக்கப் போனோம். "விடுங்க" என்று அதற்கு மூக்கும் காலும் வைத்தார் இன்னொருவர். கொக்கு ஆகிவிட்டது.

அடிக்கடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தோம். இடது பக்கம் நெரிசல், வலது பக்கம் வெறிச்சென்று இருப்பது அங்கிருந்துதான் தெரிந்தது. வலது பக்கம் ஒரு பனைமரம் வைத்ததும் சரியானது.

கடைசியில் கண்மாய் நிறைய நீலம் பூசினோம். அப்போது சந்தா கட்டுவதோடு சரி, கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு சகோதரி கேட்டார்: "நம்ம கண்மா இப்படியா இருக்கு? பாதிக்குச் சீமைக்கருவேல்தான நிக்குது?"

எல்லாரும் கப்சிப். படமாவது அழகா இருக்கட்டும் என்றார்கள் சிலர். பொய்யை எதுக்கு வரையணும் என்றார்கள் சிலர். அரை மணி நேரம் வாக்குவாதம். முடிவில் பாதிக் கண்மாயில் நீலத்தின் மேலேயே கருவேல் வரைந்தோம். அதை வெட்டும் பெண்களையும், மண் சட்டி சுமக்கும் பெண்களையும் வரைந்தோம். அந்தப் பெண்கள் நாங்கள்தான்.

அடுத்த மாதத் தீர்மான நோட்டில் கண்மாய்தான் முதல் பொருள். மனு எழுதியதும் வாய் திறக்காத அதே சகோதரிதான். வேலை இன்னும் தொடங்கவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கங்கா தேவி வரைந்த அந்த அறை 2015-இல் கட்டட வேலையின்போது இடிபட்டுப் போனது. எங்கள் சுவரும் மழையில் மங்கத்தான் செய்யும். மங்கினால் மறுபடி வரைவோம். அதற்குள் கண்மாய் முழுக்க நீலம் பூசும் நாள் வரவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

உங்கள் ஊரிலும் வெறுஞ்சுவர் இருந்தால் அனுமதி வாங்கி ஆரம்பியுங்கள். முழுப் படமும் மனதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை நடுவில் வரையுங்கள். மற்றது தானா வரும்.