ஜிரோ பள்ளத்தாக்கில் விழாக் காலம்



வடநாட்டு நகரம் ஒன்றில் நாம் குடியிருந்த காலத்தில், அங்கிருந்த தமிழ் அன்பர்கள் பொங்கல் விழாவைத் தை முதல் நாளில் நடத்துவதில்லை. அன்று பலருக்கு அலுவலகம் உண்டு. குழந்தைகளுக்குப் பள்ளி உண்டு. ஆகவே அதனை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே விழா நாளாகும். ஓராண்டு அந்த ஞாயிறன்று, பந்தியில் இலையின் முன் அமர்ந்திருந்த நம் வீட்டுச் சிறுமி, "பொங்கல் இன்றைக்கா, இல்லை போன புதன்கிழமையே போய்விட்டதா?" என்று கேட்டாள். நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். சிறுமி சர்க்கரைப் பொங்கலில் மனத்தைச் செலுத்திவிட்டாள். கேள்வி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அக்கேள்விக்குப் புத்தகத்தில் விடை கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், அலுவல் நிமித்தம் அருணாசலப் பிரதேசம் சென்றிருந்தபோது, ஒரு சிறு மலைப் பள்ளத்தாக்கிலே அதற்கு விடை போன்ற ஒன்றைக் கண்டோம். அப்பள்ளத்தாக்கின் பெயர் ஜிரோ. அங்கே வாழ்வோர் அபதானி என்னும் பழங்குடி மக்கள். அவர்களுடைய விழாக்கள் எவை, அடுத்தடுத்து எந்த மாதங்களில் வருகின்றன என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

கடல் மட்டத்திற்கு 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், சுற்றிலும் பைன் மரங்கள் அடர்ந்த குன்றுகள் காவல் நிற்க, நடுவே ஒரு தாம்பாளம் போல் விரிந்து கிடக்கிறது அந்தச் சமவெளி. கிலே என்னும் ஆறு அதன் ஊடே ஓடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் எவரும் அங்கே முதலில் காண்பது மலையை அன்று, வயலை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரப்பும் நீரும் நாற்றுமாக, தஞ்சைப் பக்கத்து ஊர் ஒன்றை யாரோ பெயர்த்தெடுத்து இமயத்தின் மடியில் வைத்துவிட்டது போன்ற தோற்றம்!

ஆயினும் அவ்வயல்களில் ஏர் இல்லை, எருதும் இல்லை. மண்வெட்டியும் மனிதர் கையுமே மரபு வழி வந்த கருவிகள். மலையோடைகளை மறித்துச் சிறு வாய்க்கால்களாகப் பிரித்து, மூங்கிலாலும் மரத்தாலும் ஆன குழாய்களின் வழியே ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு நீரை இறக்குகிறார்கள். வரப்பின் மேல் கேழ்வரகு வளர்கிறது. நெற்பாத்தியின் நடுவே வெட்டிய பள்ளத்தில் கெண்டை இன மீன்கள் வளர்கின்றன. 1960களில் தொடங்கிய இந்த மீன் வளர்ப்பு, ஒரே நிலத்தில் சோறும் குழம்பும் விளையச் செய்துவிட்டது. விளைநிலம் வீணாகலாகாது என்று ஊர்களை மேட்டு நிலங்களில் நெருக்கமாக அமைத்திருக்கிறார்கள். மூங்கில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். தீக்கு அஞ்சி, நெற்களஞ்சியங்களை மட்டும் ஊருக்கு அப்பால் தனியே வைத்திருப்பார்கள்.

இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பேர் வாழ வேண்டுமானால் ஒருவரை ஒருவர் நம்பித்தான் வாழ வேண்டும். ஒருவன் மடையைத் திறந்தால்தான் அடுத்தவன் பாத்திக்குத் தண்ணீர். இளைஞரும் இளம்பெண்களும் 'பதாங்' என்னும் குழுக்களாகச் சேர்ந்து, இன்று ஒரு வீட்டு வயல், நாளை மற்றொரு வீட்டு வயல் என்று முறை வைத்து உழைப்பது அவர்களது பழைய வழக்கம். அவர்களுடைய விழாக்கள் யாவும் இந்த முறை வைத்தலிலிருந்து பிறந்தவையே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஜூலைக்குள் அங்கே நடவு முடிந்திருக்கும், மீன்குஞ்சுகளையும் விட்டிருப்பார்கள். அடுத்து வருவது ட்ரீ விழா. ஆண்டுதோறும் ஜூலை 5 ஆம் நாள் அது கொண்டாடப்படுகிறது. பயிர் வேரூன்றி நிற்கும் பருவத்தில் அதற்கு வரக்கூடிய தீங்குகளை விலக்க வேண்டி நடத்தும் விழா இது. பூச்சியும் புழுவும் பயிரைத் தின்னாதிருக்கத் தமூவை வேண்டுகிறார்கள். கொள்ளை நோய் ஊருக்குள் வாராதிருக்க மேத்தியை வேண்டுகிறார்கள். வயல் தூய்மையுற மேதெரையும், வளம் பெருகத் தான்யி என்னும் கதிரவனையும் வேண்டுகிறார்கள். நிபு எனப்படும் பூசாரி நெடுநேரம் மந்திரம் ஓத, கோழியும் முட்டையும் படைக்கப்படுகின்றன. வீடுதோறும் பெண்கள் அரிசியைப் புளிக்கவைத்து வடித்த பானம் விருந்தினருக்கு வழங்கப்படும். தாமிந்தா என்னும் ஆடலைப் பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். கூடியிருப்போர் அனைவருக்கும் வெள்ளரிக்காய்த் துண்டு வழங்குவது இவ்விழாவிற்கே உரிய சிறப்பு. நம் கோயில்களில் பிரசாதம் பெறுவது போல், பெரியவரும் சிறியவரும் கைநீட்டி அதனைப் பெறுகிறார்கள், நாமும் பெற்றோம்.

மொழிபெயர்ப்பே நமது தொழிலாதலின், விழாவுக்குப் பின் வரும் நாட்களைக் குறிக்க அவர்கள் வழங்கும் 'அன்யோ' என்ற சொல் நம்மைப் பெரிதும் ஈர்த்தது. அந்நாட்களில் மண்ணைக் கொத்தலாகாது, மரத்தை வெட்டலாகாது, தோட்டத்துக் கீரையைக் கிள்ளுதலும் ஆகாது. அரசாங்கக் கோப்பில் இதற்கு 'விடுமுறை' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் விடுமுறை என்பது வேலையிலிருந்து நமக்குக் கிடைக்கும் ஓய்வு. அன்யோ என்பது நம்மிடமிருந்து மண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு. 'விலக்கு நாள்' என்று எழுதிவைத்தோம். அதிலும் முழு நிறைவு இல்லை.

இனி நமது கேள்விக்கு வருவோம். பண்டைக் காலத்தில் ட்ரீ விழாவுக்கு இன்ன தேதி என்ற வரையறை இருந்ததில்லை. ஒவ்வோர் ஊரும் தன் பயிரைப் பார்த்து, தன் பூசாரியைக் கேட்டு, தனித்தனியே சடங்கு நடத்திவந்தது. 1967 இல்தான், பழைய ஜிரோவை அடுத்த நென்சாலியா என்னுமிடத்தில் எல்லா ஊரினரும் ஒன்றுகூடி, ஜூலை 5 ஆம் நாளன்று பொதுவாகக் கொண்டாடுவது என்று ஏற்பட்டது. பள்ளியும் அலுவலகமும் தோன்றி, பிள்ளைகள் படிப்புக்கும் உத்தியோகத்திற்கும் வெளியேறத் தொடங்கியிருந்த காலம் அது. ஊரிலேயே இருப்பவனுக்கு நாள் குறித்துச் சொல்ல வேண்டியதில்லை. பறையொலி கேட்டாலே போதும். வெளியூரில் இருப்பவனுக்கோ நாட்காட்டியில் வட்டமிட ஓர் எண் வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தில் எழுத ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதியின் பயனாக இன்று இடாநகரிலும் நாகர்லகுனிலும், அருணாசலத்துக்கு வெளியே தில்லி போன்ற இடங்களிலும் வாழும் அபதானியர் அதே ஜூலை 5 இல் கூடி, அதே வெள்ளரிக்காயை வழங்கி, ட்ரீ கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அப்பள்ளத்தாக்கினர் எல்லா விழாக்களையும் தேதிக்குள் அடக்கிவிடவில்லை. அடுத்த ஆண்டின் வரிசையைக் கேளுங்கள்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நெல் அறுவடை. அதே செப்டம்பரில், 2012 முதல் ஜிரோ இசைவிழா ஒன்று நடைபெற்று வருகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இசைக் குழுவினர் வருகிறார்கள். அவர்கள் ஏறிப் பாடும் மேடைகளை ஊர்க் கைவினைஞர் மூங்கிலாலேயே சமைக்கிறார்கள். ஜனவரியில் முருங் விழா. பெயரைக் கேட்டு நம் முருகனோ என்று மயங்க வேண்டா. அது நலத்தையும் செல்வத்தையும் வேண்டித் தனித்தனிக் குடும்பத்தார் தம் செலவில் நடத்தும் விழா. மிதுன் எனப்படும் மலைமாட்டைப் பலியிட்டு ஊராருக்கு விருந்து வைப்பார்கள்.

மார்ச் மாதத்தில் வருவது மியோக்கோ. நட்புக்கென்றே ஏற்பட்ட விழா அது. ஹோங், ஹரி, புல்லா, ஹிஜா, துத்தா, முதாங் தாகே, பாமின் மிச்சி முதலிய ஊர்கள் இதற்கென மூன்று அணிகளாகப் பிரிந்துள்ளன. ஹோங் மட்டும் தனி அணி. ஓராண்டு ஓர் அணி விழாவை ஏற்று நடத்தும்; மற்ற இரு அணியினரும் விருந்தினர். ஆக, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊரும் விருந்தளிக்கும் கடமையைப் பெறுகிறது. ஓர் ஊர்க் குடும்பத்துக்கும் வேற்றூர்க் குடும்பத்துக்கும் இடையே தந்தைக்குப் பின் மைந்தன் எனத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நட்பு உண்டு. அந்நண்பர் வந்து உண்டால்தான் விருந்து விருந்தாகும். விழா நாட்களில் வீடுகளின் கதவு திறந்தே கிடக்கும். முன்பின் அறியாத வழிப்போக்கனும் அடுப்பங்கரையில் அமர்த்தப்பட்டுச் சோறும் இறைச்சியும் பெறுவான். முற்காலத்தில் இவ்வூர்களுக்குள்ளே பூசல்களும் உண்டு. விழாவின் விருந்தோம்பலே அவற்றைத் தணித்து வைக்கும் வழியாகவும் இருந்திருக்கும் என்று எண்ணுகிறோம்.

ட்ரீயைப் போல் மியோக்கோவை ஒரே மைதானத்திற்கோ, எல்லாருக்கும் பொதுவான ஒரே நாளுக்கோ அவர்கள் கொண்டுவந்துவிடவில்லை. முறை வரும் ஊருக்கே செல்ல வேண்டும். நண்பன் வீட்டிலேயே உண்ண வேண்டும். ஆகவே அந்த மக்கள் இரண்டு வகை விழாக்களை ஒருங்கே காத்து வருகிறார்கள். ஒன்று, வெளியே போன பிள்ளைகளுக்காகத் தன் நாளை மாற்றிக்கொண்ட விழா. மற்றொன்று, பிள்ளைகள்தாம் தேடி வர வேண்டும் என்று தன் இடத்திலேயே நிற்கும் விழா. முன்னது இல்லையேல் வெளியூர் சென்றவர் உதிர்ந்துபோவர். பின்னது இல்லையேல் அவர் திரும்பி வருவதற்கு ஓர் அடுப்படி இராது.

ஜிரோவைக் காண விரும்பும் அன்பர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். பிற மாநிலத்தார் அருணாசலத்துள் செல்ல உள்நாட்டு அனுமதிச் சீட்டு பெற வேண்டும். இதனை இணையவழியும் பெறலாம். நாகர்லகுன் வரை ரயில் உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மலைச்சாலை. ஜூலை மழைக் காலமாதலின் மண்சரிவுக்கு இடம்விட்டு ஓரிரு நாள் கூடுதலாக ஒதுக்குதல் நலம். விலக்கு நாட்களில் ஒரு பூவையும் பறியாதீர்கள். சடங்கு நடக்கும் இடத்தில் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். 2014 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இப்பள்ளத்தாக்கு இடம்பெற்றுள்ளது. பட்டியலைக் காட்டிலும் அம்மக்களின் இசைவே நமக்குப் பெரிய அனுமதிச் சீட்டு.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இப்பள்ளத்தாக்கு எதைச் சொல்கிறது? ஞாயிற்றுக்கிழமைப் பொங்கலுக்காக நாம் நாண வேண்டியதில்லை. அது நம் ட்ரீ. ஒன்றுகூட ஒரு நாளை நாமே அமைத்துக்கொண்டோம்; அவ்வளவே. ஆனால் அந்த ஒரு நாளோடு அமைந்துவிட்டால் பாதி விழாவைத்தான் குழந்தைகளுக்குக் கொடுத்தவராவோம். தை முதல் நாள் காலையில், அலுவலகம் செல்லும் முன், நம் வீட்டு அடுப்பில் ஒரு சிறு பானையாவது பொங்க வேண்டும். அந்தப் பொங்கலை அடுத்த வீட்டுப் பஞ்சாபியரோ வங்காளியரோ கையில் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு குழந்தையை அனுப்ப வேண்டும். ஞாயிற்று விழாவிலும் எல்லாப் பொறுப்பையும் செயலாளர் தலையில் கட்டிவிடாமல், இவ்வாண்டு இன்ன குடும்பத்தார் விருந்தளிப்போர், அடுத்த ஆண்டு இன்னார் என்று முறை வைத்துப் பார்க்கலாம். விருந்தளிக்கும் முறை ஒருமுறை வந்து போன வீட்டில், எந்த நாள் பொங்கல் என்ற ஐயம் எழாது.

நம் வீட்டுச் சிறுமி இப்போது வளர்ந்துவிட்டாள். ஜிரோவிலிருந்து திரும்பியதும் அவளிடம், "இரண்டு நாளும் பொங்கல்தான், ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஊருக்கு" என்று சொன்னோம். அவள் சற்று யோசித்து, "அப்படியானால் வீட்டுப் பொங்கலன்று என்னை ஏன் பள்ளிக்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டாள். வரும் தை முதல் நாளுக்கு, இருவருக்கும் சேர்த்து, இப்போதே விடுப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம்.