மாதிரி உருவங்களுக்கு விளக்கேற்றுதல்



நவராத்திரி நாட்களில் கொலுப் படிகளுக்கு அருகே சிறுவர்கள் அமைக்கும் பூங்காவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி ஆக்குவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். மணலைக் குவித்தால் மலை. அந்தப் பூங்காவுக்குள் ஒரு விளக்கு எரிந்தால் நன்றாயிருக்குமே என்ற ஆசை எல்லோருக்கும் எழுவதுதான். என் இளமையில் அதற்கு டார்ச் விளக்கின் சிறு பல்பையே நம்பியிருந்தோம். அது சூடேறும், பாட்டரியையும் விரைவில் தீர்த்துவிடும். இன்றோ, சில ரூபாய்க்கு எல்.இ.டி. கிடைக்கிறது, சூடு மிகக் குறைவு, ஒரு பாட்டரியில் பல நாள் எரிகிறது. அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962இல் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். நீல ஒளிக்கு வழி கண்ட அகசாகி, அமனோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீலம் பிறந்த பிறகே வெள்ளை பிறந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பள்ளிக் கண்காட்சிகளில் நடுவனாக அமர்ந்து நான் பார்த்த மாதிரிகள் பல. ஓலைக் குடிசையைத் திறம்படச் செய்திருப்பான் ஒரு மாணவன். திண்ணை, உரல், மாட்டுக் கொட்டகை யாவும் அளவோடு இருக்கும். பொத்தானை அழுத்தியதும் குடிசைக்குள் கல்யாண மண்டபத்து வெளிச்சம் பாயும்! அவ்வளவு நேரம் பாடுபட்டதெல்லாம் அந்த ஒரு நொடியில் பொய்யாகிவிடும். அத்தகைய மாணவரிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். இது எந்த ஆண்டு? இப்போது என்ன நேரம்? விடை தெரிந்தால் விளக்கின் நிறமும் அளவும் தாமே தெரிந்துவிடும்.

பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகியதும், வயற்கிணறுகளில் கவலை ஏற்றம் போய் மின் பம்பு வந்ததும் அதற்குப் பின் நிகழ்ந்தவை. ஆகவே 1930ஆம் ஆண்டுக் கொங்குச் சிற்றூரை ஒருவர் மாதிரியாகச் செய்து, அதில் தெருவெல்லாம் வெள்ளை விளக்கு எரியவிட்டால், அது அழகுக் குறை மட்டுமன்று, வரலாற்றுப் பிழையுமாகும். நூற்பாலைக்கும் இதே விதி. குழல் விளக்கு அமெரிக்காவிலேயே 1938இல்தான் விற்பனைக்கு வந்தது. 1935ஆம் ஆண்டு ஆலையின் சன்னல்கள் மஞ்சளாகவே ஒளிர வேண்டும். பிற்கால ஆலையாயின் எல்லாச் சன்னலும் ஒரே சீராக வெளுத்திருக்கலாம். சீரான வெள்ளை வெளிச்சம் பொருந்தும் இடம் அது ஒன்றே என்பேன்.

இனி ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் இரயில் நிலையம். விடிவதற்கு முந்திய நேரம். நீலகிரி மலை இரயில் புறப்பட ஆயத்தமாகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் திறக்கப்பட்டு, 1908இல் உதகை வரை நீண்ட பாதை இது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. உலகெங்கும் இரயில் மாதிரி செய்வோர் மிகுதியாகக் கையாளும் அளவு 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் மனிதன் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் இருப்பான்.

இப்போது கணக்கிடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி. 5 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. அதை 87ஆல் பெருக்கினால் 435 மில்லிமீட்டர். நிலைய அதிபரின் தலைக்குமேல் ஒரு பெரிய பூசணிக்காய் தொங்குவதற்கு ஒப்பாகும்! 3 மில்லிமீட்டர் எல்.இ.டி.யும் 26 சென்டிமீட்டர் ஆகிவிடும். கைபேசிக்குள் இருக்கும் பாகங்களைப் போன்று, 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள மிகச் சிறு எல்.இ.டி.க்களும் விற்கப்படுகின்றன. அதுதான் அரிக்கேன் விளக்கின் அளவுக்கு நெருங்கி வரும். அதில் கம்பி பற்றவைக்கப் பொறுமை வேண்டும். மெல்லிய கம்பி பொருத்தியே விற்பதும் உண்டு. பெரிய எல்.இ.டி.தான் கையில் இருக்கிறதென்றால், அதைக் கண்ணுக்குத் தெரியாமல் கூரைக்குள் மறைத்துவிடுங்கள். விளக்கு தெரிய வேண்டுவதில்லை. வெளிச்சம் தெரிந்தால் போதும்.

அடுத்தது, ஒளியின் அளவு. வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 9 வோல்ட் பாட்டரியானால் மீதி 6 வோல்ட்டை ஒரு மின்தடை தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் செலுத்த, ஓம் விதிப்படி 300 ஓம் போதும். ஆயினும் அது முழு வெளிச்சம், மாதிரிக்கு ஆகாது. 5 மில்லி ஆம்பியருக்கு 1200 ஓம். மண்ணெண்ணெய் விளக்குக்கு 6800 ஓம் போட்டுப் பாருங்கள். 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும், இருட்டு அறையில் அதுவே நிறைவாக இருக்கும். ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் தனி மின்தடை இருக்கட்டும். நீண்ட கால் நேர்முனை என்பதை மறவாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பண்டிகைக்குக் கட்டும் சீரியல் விளக்கை வெட்டி எடுத்து, மாதிரிக்குள் வைத்துச் சுவர் மின்சாரத்தில் இணைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது 230 வோல்ட்டுக்காகப் பல விளக்குகளைத் தொடராகக் கோத்தது. சிலவற்றை வெட்டிவிட்டால் எஞ்சியவை மிகை மின்னழுத்தத்தைத் தாங்கா. திறந்த கம்பியோ உயிரையே குடிக்கும். பாட்டரி ஒன்றே மாணவர்க்கு உரியது.

நிறத்துக்கு வருவோம். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யே, அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகிறது. மலிவான வெள்ளையில் நீலம் மேலோங்கி நிற்பது இதனால்தான். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள். அந்த வெள்ளை 6000 கெல்வினுக்கு மேல்; பழைய இழை பல்பு 2700; மண்ணெண்ணெய்ச் சுடர் சுமார் 1900. கடையில் மஞ்சள் சாயல் வெள்ளை என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மிட்டாய் சுற்றிவரும் மஞ்சள், ஆரஞ்சுச் செலோபேன் தாளை முன்னால் ஒட்டினால் நீலம் வடிந்துவிடும்.

அட்டையாலும் தெர்மோகோலாலும் கட்டிய சுவர் வழியே வெளிச்சம் கசிந்து, நிலையம் முழுதும் கார்த்திகைக் கூண்டு விளக்குப் போல் ஒளிரும். உட்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பூசினால் கசிவு நிற்கும். வெள்ளித்தாள் ஒட்டுவோர் அது மின்சாரம் கடத்தும் என்பதை நினைவில் கொள்க.

வண்டியில் விளக்கு வைப்போர் பெரும்பாலும் தவறுவது எங்கே தெரியுமா? என்ஜினை முன்னால் நிறுத்தி, அதன் நெற்றியில் விளக்கு வைத்துவிடுகிறார்கள். இந்தப் பாதையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது நீராவி என்ஜின் பின்னால் நின்று தள்ளும். பெட்டிகளே முன்னே செல்லும். எனவே நெருப்பறையின் செந்தழல் வண்டியின் வால்புறத்தில் இருக்க வேண்டும். தழலுக்குச் சிவப்பு ஒன்றும் ஆரஞ்சு ஒன்றுமாக இரண்டு எல்.இ.டி.க்கள் வேண்டும். மின் அகல் என்று விற்கிறார்களே, அதற்குள் தானே துடிக்கும் எல்.இ.டி. ஒன்று உண்டு. பழுதான அகலிலிருந்து அதைக் கழற்றி ஆரஞ்சுக்குப் பதிலாக வையுங்கள். சிவப்பு நிலையாக எரியட்டும். இரண்டும் சேர்ந்து துடித்தால் அது நெருப்பாகத் தோன்றாது.

கைகாட்டி மரத்தின் பச்சை விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய் விளக்குக் காலத்தில் அதன் கண்ணாடி பச்சையன்று, நீலப்பச்சை. சுடரின் மஞ்சளோடு சேர்ந்தே அது பச்சையாயிற்று. பச்சை எல்.இ.டி.யை நேரே வைத்தால் கண்ணைக் குத்தும். மஞ்சள் சாயல் எல்.இ.டி.க்கு முன் நீலப்பச்சைத் தாள் வைத்தால் பழைய கைகாட்டியின் மங்கிய பசுமை அப்படியே கிடைக்கும்.

ஊர் மாதிரி செய்வோருக்கும் ஒரு சொல். எல்லா வீட்டிலும் விளக்கு எரிய வேண்டியதில்லை. பத்து வீட்டில் நான்கு போதும். முதலில் அடுப்படி, பிறகு திண்ணை என்று ஒவ்வொன்றாக ஏற்றத் தனித்தனிப் பொத்தான் வையுங்கள். மின்சாரம் வராத காலத்து ஊரிலும் வெள்ளையாய் எரிந்த விளக்கு ஒன்று உண்டு. அது திருவிழாக் கூத்துக்கு வாடகைக்குக் கொண்டுவந்து கட்டும் பெட்ரோமாக்ஸ். அந்த ஒன்றுக்கு மட்டும் தாள் ஒட்டாத வெள்ளை எல்.இ.டி.யை வையுங்கள், 1200 ஓம் தாராளம்.